புன்னை எண்ணெய்: கணக்கில் வராத ஒரு கைமருந்து

தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். பக்கத்திலேயே பழையகாயல், காயல்பட்டினம். காயல் என்றால் கழிமுகம், உப்பங்கழி. மற்ற ரெண்டு ஊரையும் விட்டுவிடுங்கள், இந்த ஊர்ப் பெயரில் மட்டும் ஒரு மரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முத்துக்குளித்துறை பற்றி நான் சேர்த்துவரும் குறிப்புகளில் முத்து, போர்த்துகீசியர், பரதவர், அச்சுக்கூடம் என்று நிறைய உண்டு. அந்த மரத்தைப் பற்றி மட்டும் பெரிதாக எதுவும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

புன்னை கடற்கரை மரம். உப்புக் காற்றும் மணலும் அதற்குப் பிரச்சினையே இல்லை. தடித்த பளபளப்பான இலை, வெள்ளைப் பூ, கோலிகுண்டைவிடப் பெரிய உருண்டைக் காய். சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலம் வந்தாலே இதுவும் வந்துவிடும். புன்னையைத் தன் தங்கையாகவே நினைக்கும் ஒரு பெண்ணை நற்றிணையில் பார்க்கலாம். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதிலும் ‘பொன்ன’ என்ற பெயரில் இந்த மரம் உண்டு. 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் கலோஃபில்லம் இனோஃபில்லம். முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘அழகிய இலை’ என்று பொருள்.

இலை அழகுதான், ஆனால் கடற்கரை வீடுகளுக்கு வேண்டியிருந்தது கொட்டை. அதிலிருந்து வரும் எண்ணெய் விளக்குக்கு ஆச்சு, படகு மரத்துக்குப் பூச ஆச்சு, சொறி சிரங்குக்கும் மூட்டு வலிக்கும் ஆச்சு. ஒரே எண்ணெய் படகின் தோலையும் மனிதத் தோலையும் காத்தது என்று சொல்லலாம்.

இனி ஆவணங்களுக்கு வருவோம். 1535-க்குப் பிறகு இந்தக் கரைப் பரதவர்கள் கத்தோலிக்கர் ஆனார்கள். 1546-இல் இந்தியா வந்த அண்ட்ரிக் அடிகளார் (என்ரிக் என்ரிக்கஸ்) தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இந்தக் கரையில்தான் கழித்தார். தமிழ் படித்தார், இலக்கணம் எழுதினார், தமிழில் புத்தகம் அச்சிட்டார். புன்னைக்காயலில் ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனையும் நடத்தினார். ஊர் மக்கள் கொடுத்த பணத்தில் நடந்தது அது. அச்சுப் புத்தகத்தைப் பற்றி இன்று எல்லோரும் எழுதுகிறோம். அந்த மருத்துவமனையில் புண்ணுக்கு என்ன பூசினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த சாட்சி ராபர்ட் பெர்சிவல். இலங்கையில் பணியாற்றிய ஆங்கில ராணுவ அதிகாரி. 1803-இல் வந்த அவருடைய புத்தகத்தில் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குளிப்பவர்களில் சிலர் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, காதையும் மூக்கையும் அடைத்துக்கொண்டு இறங்குவார்கள், மற்றவர்கள் எதுவும் செய்யாமலே இறங்குவார்கள் என்கிறார். சரி, என்ன எண்ணெய்? யார் காய்ச்சியது? அந்த இடத்தில் அவர் ‘எண்ணெய்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகின விஷயம். எதைக் கண்காணிக்கிறோமோ அதுதான் பதிவில் விழும். முத்துக்கு எடை உண்டு, ஏலம் உண்டு, அரசுக்குப் பங்கு உண்டு. அதனால் அது கணக்கேட்டில் ஏறியது. வீட்டுக் கொல்லையில் கொட்டை உடைத்து எண்ணெய் எடுத்தவருக்கு வரி இல்லை, அதனால் வரியும் இல்லை! அந்த அறிவு பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்தது, காகிதத்தில் ஏறவே இல்லை.

அந்த அறிவு சாதாரணமானதும் இல்லை. புன்னைக்கொட்டையை உடைத்தவுடனே பிழிந்தால் எண்ணெய் ஒன்றும் தேறாது. வெளிர் நிறப் பருப்பை வாரக்கணக்கில் வெயிலில் காயவைக்க வேண்டும். மெல்ல மெல்லப் பழுப்பாகி, கையில் ஒட்டுகிற பிசுபிசுப்பு வரும். அதற்கப்புறம்தான் செக்கு. நடுவில் மழையோ ஈரமோ பட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீண். வருவது பச்சை கலந்த கெட்டி எண்ணெய், வாசனை தூக்கலாக இருக்கும், துணியில் பட்டால் கறை போகாது. ஈரமில்லாத பாத்திரத்தில், வெளிச்சம் படாமல் மூடிவைக்க வேண்டும். இதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுவது வழக்கம்.

ஈரம்தான் எதிரி என்ற இதே விதி மற்ற மூலிகைத் தைலங்களுக்கும் பொருந்தும். குப்பைமேனியோ வேப்பிலையோ தேங்காய் எண்ணெயில் காய்ச்சும்போது சடசடப்பு அடங்கும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். சடசடப்பு என்பது இலையில் உள்ள தண்ணீர் வெளியேறும் சத்தம். மெழுகு பதம், மணல் பதம் என்று சித்த மருத்துவம் பிரிப்பதும், வண்டலில் ஈரம் எவ்வளவு மிச்சம் என்பதைக் கையால் அளக்கும் முறைதான். தண்ணீர் தங்கின தைலம் சீக்கிரம் கெடும்.

இப்போது கடல் தாண்டிப் பாருங்கள். இதே மரம் பசிபிக் தீவுகளிலும் உண்டு. தாஹித்தியில் இதன் பெயர் தமானு. 20-ஆம் நூற்றாண்டில் ஃபிஜியில் தொழுநோயாளிகளின் நரம்பு வலிக்கு இந்த எண்ணெய் பயன்பட்டது. வீக்கத்தைக் குறைக்கும் கலோஃபில்லோலைடு என்ற பொருள் இதில் இருப்பதாகப் பின்னால் ஆய்வகங்கள் கண்டன. அங்கே யாரோ செய்முறையைக் கேட்டார்கள், எழுதினார்கள், சோதித்தார்கள். அதனால் இன்று ‘தமானு ஆயில்’ என்று சின்னச் சின்னப் புட்டிகளில், நல்ல விலைக்கு, நம் ஊர் அழகுசாதனக் கடைக்கே வருகிறது. புன்னை எண்ணெய் என்று கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

இதைச் சொல்வது ‘எல்லாம் நம்முடையது’ என்று மார்தட்ட இல்லை. பழசு என்பதாலேயே மருந்து ஆகிவிடாது. இது உள்ளுக்குச் சாப்பிடும் எண்ணெய் இல்லை. சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும், அதனால் முழங்கையின் உட்புறம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பார்ப்பது நல்லது. ஆழமான புண், சீழ், பரவும் தடிப்பு என்றால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

என் கவலை வேறு. மரம் வெட்டுப்பட்டால் கன்று நட்டுக்கொள்ளலாம். எத்தனை நாள் காய வேண்டும், பருப்பு எந்த நிறம் வந்தால் செக்குக்குப் போகலாம், எவ்வளவுக்கு எவ்வளவு தேங்காய் எண்ணெய், குழந்தைக்குப் பூசலாமா கூடாதா என்பதெல்லாம் இன்னும் சில பாட்டிகளின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. கடற்கரை ஊரில் உங்களுக்கு ஆச்சியோ அத்தையோ இருந்தால் இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். ஊர், வருடம் போட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். நானூறு வருடக் கணக்கேடுகளில் விழாத வரி அது.