தலையெழுத்தைத் திறந்து பார்த்தவர்

“எல்லாம் தலையெழுத்து!”

திருத்தங்கல் கடைவீதியில் ஒரு நாழிகை நின்றால் பத்துப் பேர் வாயிலிருந்தேனும் இச்சொல்லைக் கேட்கலாம். தீப்பெட்டி ஒட்டும் தாய் சொல்வாள், பட்டாசு ஆலைக்குப் போகும் தந்தை சொல்வார், பட்டம் பெற்ற ஆசிரியரும் சொல்வார். மண்டையோட்டின்மீது வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளைக் காட்டி, “பிரமன் எழுதிய எழுத்து” என்று நம் பாட்டன்மாரை நம்ப வைத்தனர். எழுத்தா அது? எலும்புகள் பல்லோடு பல் கோத்து இணைந்த மூட்டு! அந்த எலும்பை அறுத்துத் திறந்து, உள்ளே வளர்ந்த கட்டியை அகற்றி, மனிதனை நடமாட விட்ட மருத்துவர்களின் வரலாறு, புராணத்தினும் வியப்பூட்டுவதன்றோ?

1884 நவம்பர் 25. இலண்டன் நகர். இருபத்தைந்து வயது உழவன் ஒருவனுக்கு இடக்கை துடித்தது, பின்னர் வலுவிழந்தது. கையில்தானே கோளாறு என்று கையைப் பார்த்துக் கொண்டிருக்கவில்லை ஹியூஸ் பென்னட் என்ற மருத்துவர். இடக்கையை இயக்குவது மூளையின் வலப்புறம். ஆகவே கட்டி இருப்பது இன்ன இடம் என்று வெளியிலிருந்தே கணித்தார். ரிக்மன் காட்லீ அந்த இடத்தைத் திறந்தார். கட்டி இருந்தது! எடுத்தார். ஆனால் நச்சுக்கிருமி புகுந்து, இருபத்தெட்டாம் நாள் அந்த உழவன் மாண்டான். நோயாளி மறைந்தான், வழி மட்டும் திறந்தே கிடந்தது. அவ்வழியே நடந்தவர் அமெரிக்காவின் ஹார்வி குஷிங். நுண்குழாய்களின் குருதியை அடக்க வெள்ளிக் கவ்விகளையும், 1926இல் மின்கருவியையும் கையாண்டார். 1931க்குள் இரண்டாயிரம் மூளைக் கட்டிகளைக் கண்டவர் அவர். அறுவையில் மாள்வோர் பத்தில் ஒருவருக்கும் குறைவாயினர்.

நம் நாட்டில்? 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார்; இந்தியாவிலேயே முதலாவது அது. அடுத்த ஆண்டு, 1950 அக்டோபரில், சென்னைப் பொது மருத்துவமனையில் அதே பணியைத் தொடங்கினார் சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. இங்கிலாந்தில், நியூகாசில் நகரில் ராபாதம் என்பாரிடம் பயின்று வந்தவர். 1951இல் இவ்விருவரும், பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகியோரும் கூடி இந்திய நரம்பியல் கழகத்தை நிறுவினர். இத்துணைப் பெரிய நாட்டுக்கு நால்வர்!

மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவி நோயாளியிடம் முதன்முதலாகப் பயன்பட்டதே 1971இல்தான். அதற்கு முன் எப்படிக் கண்டனர்? கழுத்துக் குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பர். குருதிக் குழாய் தன் தடத்தை விட்டு விலகியிருந்தால், அதை ஏதோ தள்ளுகிறது என்று பொருள். அல்லது மூளையின் உள்ளறைகளில் காற்றைப் புகுத்திப் படமெடுப்பர். நிழலைப் பார்த்து நிசத்தைக் கணிக்க வேண்டும். கணிப்புப் பிழைத்தால் உயிர் பிழைக்காது.

இன்னொன்றையும் இங்கே நிறுத்திச் சொல்லத் தோன்றுகிறது. மேனாட்டு நூல்கள் மூளைக் கட்டி என்றால் புற்றையும் அதன் சுற்றத்தையும் பேசும். சென்னையில் திறந்த தலைகளிலோ, காசநோய்க் கட்டி கண்டது மிகுதி! நுரையீரலைத் தின்னும் அதே கிருமி மூளையில் குடியேறித் திரண்ட கட்டி. காற்றில்லாக் குடிசையும் கஞ்சியும் ஈன்ற நோய் அது. இராமமூர்த்தி அதைத் தனியே ஆராய்ந்து, 1961இல் உலக மருத்துவ இதழில் எழுதினார். முன்பெல்லாம் அக்கட்டியைத் தொட்டால் கிருமி பரவி மூளையுறை அழற்சியால் நோயாளி மாள்வார். ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபின் அஞ்சாமல் அறுக்க முடிந்தது. இன்றோ பெரும்பாலோர்க்கு மருந்தே போதும், கத்தி வேண்டியதில்லை. 2003இல் இராமமூர்த்தி மறைந்தார். அவரிடம் பயின்றோர் நாடெங்கும் பரவினர்.

நம் வகுப்பில் ஒரு மாணவன். காலையில் தலைவலி என்பான், வாந்தி எடுப்பான். கரும்பலகை இரண்டிரண்டாய்த் தெரிகிறது என்றான். சோம்பல் என்று பெஞ்சின்மேல் நிற்க வைத்தோம், ஆம், நாமேதான். வீட்டார் வேப்பிலை அடித்தனர், கயிறு கட்டினர். ஆறு திங்கள் கழிந்தபின், நடை தள்ளாடத் தொடங்கவே, மதுரைக்குக் கொண்டு சென்றனர். சிறுமூளையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். தலைக்குள் அழுத்தம் ஏறி, கண்ணின் நரம்பு வீங்கிப் பல நாள் கிடந்ததாம். முதல் மாதமே வந்திருக்கலாமே என்றார் மருத்துவர்.

இப்போது முதல் வரிசையில் அமர்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். இடக்கண் பார்வை மட்டும் திரும்பவில்லை.