களப்பணியில் உருவாகும் தலைமை: தொற்றுநோய்ப் புலனாய்வுப் பயிற்சியின் வரலாறு

பொது சுகாதார அமைப்புகளில் தலைமைத் திறனை வளர்க்கும் முறைகளுள் உலகெங்கும் ஆழமாக வேரூன்றியது, 1951-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கிய தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணி. ஈ.ஐ.எஸ். எனச் சுருக்கமாக வழங்கும் இத்திட்டத்தை உருவாக்கியவர், சி.டி.சி. எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைமைத் தொற்றுநோயியலாளர் அலெக்சாண்டர் லாங்முயர். அம்மையம் தொடங்கி அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன; நோய் பரவும் இடத்துக்கே சென்று ஆராயத் தெரிந்தவர்கள் போதவில்லை. கொரியப் போர்க்காலத்தில் உயிரி ஆயுதங்கள் குறித்து எழுந்த அச்சம் அரசின் ஆதரவைப் பெற்றுத் தந்தது. முதல் அணியில் 23 பேர் சேர்ந்தனர்.

பயிற்சிக்காலம் இரண்டாண்டு. வகுப்புகள் சில வாரங்களில் முடிந்துவிடும்; மீதிக் காலம் முழுவதும் களப்பணிதான். எங்கேனும் நோய் பரவினால் இளம் மருத்துவரே நேரில் செல்வார், மூத்தவர்கள் தொலைவிலிருந்து வழிகாட்டுவார்கள். திட்டத்தின் சின்னமே நடந்து நடந்து ஓட்டை விழுந்த காலணியின் அடிப்பாகம்தான்.

முதற்பெரும் சோதனை 1955-இல் வந்தது. ஏப்ரல் 12-ஆம் நாள் போலியோ தடுப்பூசி வெற்றி என அறிவிக்கப்பட்டது. அம்மாத இறுதிக்குள் ஊசி போட்ட குழந்தைகள் சிலருக்கே வாதம் கண்டது. லாங்முயர் உடனே நாடு தழுவிய கண்காணிப்பைத் தொடங்கினார். வாதம் பெரும்பாலும் ஊசி போட்ட கையிலேயே தொடங்கியதும், நோயுற்றோரில் பலர் கட்டர் நிறுவனத்தின் ஊசியைப் பெற்றிருந்ததும் தெரியவந்தன. பழுது அந்நிறுவனத்தின் தயாரிப்பில் என்று உறுதியானதால், தடுப்பூசித் திட்டம் முற்றாகக் கைவிடப்படாமல் தப்பியது.

1960-களின் தொடக்கத்தில் இப்பயிற்சி பெற்ற வில்லியம் ஃபேகி, 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவில் பெரியம்மையை எதிர்கொண்டார். எல்லோருக்கும் போடும் அளவு அம்மைத் தடுப்பு மருந்து கையிருப்பில் இல்லை. அன்றிரவு சுற்றுவட்டார மிஷனரிகளை வானொலிக் கருவி வழியே அழைத்து, ஊர் ஊராக ஆளனுப்பி எங்கெங்கே அம்மை கண்டிருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னார். அடுத்த நாளே விவரம் கிடைத்தது. நோய் கண்ட ஊர்களிலும், அது பரவக்கூடிய ஊர்களிலும் மட்டும் ஊசி போடப்பட்டது, பரவல் அடங்கியது. பின்னாளில் இந்தியாவிலும் பெரியம்மையை ஒழித்த உத்தி இதுவே. கையில் இருப்பது குறைவு, தகவலும் அரைகுறை, ஆனாலும் முடிவைத் தள்ளிப்போட முடியாது என்ற நெருக்கடியில் செயல்படும் இத்திறனைப் பாடநூலால் மட்டும் ஊட்டிவிட முடியாது. ஃபேகி 1977-இல் சி.டி.சி.யின் இயக்குநரானார்; உலகப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை நடத்திய டி.ஏ. ஹெண்டர்சனும் ஈ.ஐ.எஸ். வழி வந்தவரே.

1980-இல் தாய்லாந்து இப்பயிற்சி முறையைத் தன் சுகாதார அமைச்சகத்துக்குள் கொண்டுவந்தது. பிற நாடுகளும் பின்தொடர, 1997-இல் இத்தகைய திட்டங்களுக்கென டெஃபிநெட் என்னும் பன்னாட்டு வலையமைப்பு உருவானது. இந்தியாவில் சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001-இல் இவ்வகையில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பைத் தொடங்கியது. மாநிலச் சுகாதாரத் துறைகளில் ஏற்கெனவே பணியாற்றும் மருத்துவ அலுவலர்கள் இதில் சேர்ந்தனர். வகுப்புக்காகச் சென்னை வந்து, மீதிக் காலத்தைக் களத்தில் கழிப்பது இதன் அமைப்பு. தாம் பணிபுரியும் துறையின் சிக்கலையே ஆராய்வதால், கற்றது உடனே அத்துறைக்குப் பயன்படுகிறது; இப்படிப்பின் தலையாய வலிமை இது. டெல்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் சி.டி.சி.யுடன் இணைந்து இந்திய ஈ.ஐ.எஸ். திட்டத்தைத் தொடங்கியது.

பயிற்சி மட்டும் போதாது. தேர்ச்சி பெற்றவர் தொடர்பில்லாத பணியிடத்துக்கு மாற்றப்பட்டால், இரண்டாண்டு உழைப்பின் பலன் துறைக்குச் சேராது. ஆகவே தொற்றுநோயியலுக்கெனத் தனிப் பணியிடங்களும் அவற்றுக்கான பதவி உயர்வு வழியும் பயிற்சியோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டியவை.