மெத்தனால் மின்கலம்: தோற்றும் தொலையாத கண்டுபிடிப்பு



அறிவியல் வரலாற்றைப் பெரும்பாலும் வெற்றி பெற்றவற்றின் வரலாறாகவே நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். சந்தையில் தோற்றவையும் பாடம் புகட்டும். மெத்தனால் எரிபொருள் மின்கலம் அவற்றுள் ஒன்று.

சாதாரண மின்கலம் ஆற்றலைத் தன்னுள்ளே சேமித்து வைக்கும். எரிபொருள் மின்கலமோ, வெளியிலிருந்து ஊட்டப்படும் எரிபொருளைக் காற்றிலுள்ள உயிர்வளியுடன் வினைபுரியச் செய்து மின்சாரம் தரும். 1839 வாக்கில் வில்லியம் குரோவ் என்பார் ஹைட்ரஜனையும் உயிர்வளியையும் கொண்டு இதற்கு அடித்தளமிட்டார். ஆனால், ஹைட்ரஜன் வாயுவைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்வது எளிதன்று. மெத்தனால் திரவமாதலால் சிறு குப்பியில் அடங்கிவிடும். 1990களில் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் இணைந்து, மெத்தனாலை நேரடியாகப் பயன்படுத்தும் மின்கலத்தை மேம்படுத்தின. 1994இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவும் இம்முயற்சியில் பங்கேற்றார்.

2004இல் தோஷிபா நிறுவனம் 8.5 கிராம் எடையுள்ள கட்டைவிரல் அளவு மாதிரியைக் காட்டியது. 2 மில்லிலிட்டர் மெத்தனால், இசை கேட்கும் கையடக்கக் கருவி ஒன்றை 20 மணி நேரம் இயக்கும் என்றது. 2009 அக்டோபரில் 'டைனாரியோ' என்னும் மின்னூட்டியை ஜப்பானில் 29,800 யென் விலையில் வெளியிட்டது. விற்பனைக்கு வந்தவை 3,000 மட்டுமே. மடிக்கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் இதுவே எதிர்காலம் என்று பேசப்பட்ட கனவு அத்துடன் மங்கியது.

காரணம் என்ன? மெத்தனாலின் ஒரு பகுதி சவ்வைக் கடந்து மறுமுனைக்குச் சென்று வீணாகும். வினையூக்கிக்கு விலையுயர்ந்த பிளாட்டினம் வேண்டும். மெத்தனால் நச்சுடையது, எளிதில் தீப்பற்றக்கூடியது. இதனிடையே, 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் ஆண்டுதோறும் மேம்பட்டு மலிவாயிற்று. வீட்டுச் சுவரிலேயே மின்சாரம் இருக்கும்போது, குப்பி வாங்கக் கடைக்குச் செல்வார் யார்?

எனினும் கதை அங்கே முடியவில்லை. 2000இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட எஸ்எஃப்சி நிறுவனம் மின்கம்பி எட்டாத இடங்களைத் தேடிச் சென்றது. முகாம் வாகனங்களுக்கும் தொலைதூரக் கண்காணிப்புக் கருவிகளுக்கும் அதன் மெத்தனால் மின்கலங்கள் மின்சாரம் வழங்குகின்றன.

"இது ஏன் தோற்றது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். அடுத்து, "எங்கே வென்றது?" என்றும் கேளுங்கள். ஓரிடத்தில் பொருந்தாததைப் பயனற்றதென ஒதுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளைகளைக்கூட நாம் அவ்வாறே எடைபோடுகின்றோம். அவரவர்க்குரிய இடத்தைத் தேடித் தருவதும் நம் பணியன்றோ?