உதைக்கிற துப்பாக்கியை எப்படிப் பார்த்து வாங்கினார்கள்?

1907ஆம் ஆண்டு. இன்றைய உத்தராகண்டில் இருக்கும் சம்பாவத். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு சொல்லப்பட்ட பெண் புலி ஒன்று பாறை மேல் நிற்கிறது. எதிரே ஜிம் கார்பெட். கையில் .500 ரகப் பெரிய துப்பாக்கி. ஆனால் கொண்டு வந்ததே மூன்று தோட்டாதான், மூன்றும் தீர்ந்துவிட்டது. உடன் வந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புலியை நோக்கி ஓடுகிறார். கிட்டே போன பிறகுதான் கவனிக்கிறார்... குழலுக்கும் அதைப் பின்னால் அடைக்கும் பகுதிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி! சுட்டால் நெருப்பு பின்பக்கமாகச் சீறிக் கண்ணைப் பறித்துவிடலாம். வேறு வழியில்லை, சுட்டார். குறி வைத்தது வாய்க்கு, பட்டது காலில். நல்லவேளை, முன்பே பாய்ந்திருந்த குண்டுகளால் புலி செத்தது.

கார்பெட்டுக்குப் பார்த்து வாங்க நேரம் இல்லை. ஆனால் கடையில் நின்று, பணம் கொடுப்பதற்கு முன் பழைய வேட்டைத் துப்பாக்கியைப் புரட்டிப் பார்க்க நேரம் இருந்தவர்கள் எதையெல்லாம் பார்த்தார்கள்?

குன்னம் பக்கத்தில் இதெல்லாம் கொஞ்சம் அந்நியமான விஷயம்தான். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் பூமி. இங்கே பலரும் பார்த்த துப்பாக்கி என்றால் நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கி, இல்லாவிட்டால் பேங்க் வாசலில் காவலர் தோளில் தொங்குவது. யானை, காட்டெருமை, புலிக்கு என்று செய்யப்பட்டவை வேறு ஜாதி. இலங்கையில் 1845 முதல் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கரின் துப்பாக்கி ஒன்று 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ! எடை அதிகம் இருந்தால்தான் தோளில் விழும் உதை குறையும். பிறகு வந்தவை இவ்வளவு கனமில்லை. 1912இல் ஹாலந்து அண்ட் ஹாலந்து கம்பெனி கொண்டு வந்த .375 மேக்னம் சுமார் நான்கு கிலோதான். ஆனால் அதன் உதை, ராணுவத்தின் .303 துப்பாக்கியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. (.375 என்பது குண்டின் விட்டம், அங்குலக் கணக்கில்.)

இந்த உதை வாங்குகிற தோளை மட்டும் பாதிப்பதில்லை, துப்பாக்கியையே உள்ளுக்குள் உடைக்கிறது. அதனால் விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது இரும்பை அல்ல, மரத்தை. இரும்புப் பாகம் கட்டையில் போய் உட்காரும் இடத்துக்குப் பின்னால் தலைமுடி போல ஒரு கீறல் இருக்கிறதா, கை பிடிக்கும் மெல்லிய கழுத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பாலிஷ் பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். எதையோ மறைத்திருக்கிறார்கள்!

அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. இரட்டைக் குழல் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே உள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் காதருகே வைத்து அசைத்தால் லொடலொடவென்று சத்தம் வரக்கூடாது. வந்தால், தாசில்தார் துப்பாக்கியின் வழிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு குழலைத் தனியாகக் கழற்றித் தொங்கவிட்டுச் சுண்டிப் பார்ப்பார்கள். மணி மாதிரி ஒலித்தால் சரி. மொத்தென்று கேட்டால் இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே வித்தைதான்.

குழலின் உட்புறம் மாட்டுக்குப் பல் மாதிரி, வயசைக் காட்டிக் கொடுத்துவிடும். கார்டைட் என்ற புகையில்லா மருந்து மிகச் சூடாக எரிந்து, தோட்டா இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இரும்பை அரிக்கும். அந்தக் காலத் தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம் வேறு உப்பை விட்டுச் செல்லும். நம் ஊர் மழைக்கால ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொண்டால் துரு, துருவுக்குப் பிறகு குழி. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாத சோம்பேறியின் துப்பாக்கி அதிகம் சுடாமலேயே கெட்டிருக்கும். கணக்குப் பாடத்தில் தேய்மானத்தை வருடத்துக்கு இவ்வளவு என்று எழுதுகிறார்கள். இங்கே அந்தக் கணக்கு செல்லாது, முந்தைய சொந்தக்காரரின் குணத்தைப் பொறுத்த தேய்மானம் இது.

ஆனால் உயிருக்கே உலை வைக்கும் தவறு வேறு ஒன்று. கருமருந்து காலத்தில் .450 ரகத்துக்கு மூன்றேகால் அங்குலத் தோட்டா இருந்தது. 1898வாக்கில் ரிக்பி கம்பெனி அதே அளவுத் தோட்டாவில் அதைவிட வலுவான கார்டைட்டை அடைத்தது. பழைய துப்பாக்கியில் புதிய தோட்டா கச்சிதமாக உள்ளே போகும்! சுட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்குத்தான் முத்திரை. லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் இருந்த சோதனைச்சாலைகள் ஒவ்வொரு குழலையும் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து, எந்த மருந்து, எவ்வளவு எடைக் குண்டு தாங்கும் என்று குழலின் அடியில் பொறித்தன. நகைக்கு ஹால்மார்க் மாதிரி. சென்னையில் பி. ஆர் அண்ட் சன்ஸ், ஓக்ஸ் போன்ற கடைகளின் பெயர் மேலே பொறித்திருப்பது அழகுதான், ஆனால் உயிரைக் காப்பது அடியில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்து. சரக்கு விற்பனைச் சட்டத்தில் பி.காம். மாணவர்கள் படிக்கும் 'வாங்குபவரே, உஷார்' என்ற கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சம்பாவத் புலி செத்த அதே 1907வாக்கில் இன்னொரு விஷயமும் நடந்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் குண்டும் .450 ரகம். அரசுக்கு எதிரானவர்கள் கையில் தோட்டா சேர்ந்துவிடும் என்று பயந்து, .450 ரகத்தை இந்தியாவுக்குள் கொண்டு வர ஆங்கிலேய அரசு தடை போட்டது. கம்பெனிகள் உடனே .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளை இறக்கின. இந்தியாவுக்காக என்றே பிறந்த அளவுகள்! அதனால் துப்பாக்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் "இதற்குத் தோட்டா கிடைக்குமா?" என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. 1960களில் கைனாக் நிறுவனம் இந்தப் பெரிய தோட்டாக்களைச் செய்வதைக் கைவிட்டபோது, பல அரண்மனைத் துப்பாக்கிகள் ஒரே நாளில் சுவர் அலங்காரமாகிவிட்டன என்றே சொல்லலாம்.

மிச்சத்தைச் சட்டம் முடித்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைச் சுருக்கியது, 1991 திருத்தம் லைசென்ஸ் வேட்டைக்கும் கதவை அடைத்தது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். இன்று பழைய .375 ஒன்றை வாங்க நினைப்பவர் குழலைப் பார்ப்பதற்கு முன் லைசென்ஸைப் பார்க்க வேண்டும்.

சம்பாவத் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு .275 ரிக்பி துப்பாக்கி, உதை குறைந்த ரகம். 2015இல் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஒரு செகண்ட் ஹேண்ட் துப்பாக்கிதான் அதுவும். அதன் கட்டையில் பதித்திருக்கும் வெள்ளித் தகட்டில் அந்தப் புலியின் கதை இன்னும் இருக்கிறது.