அரை இன்ச்

சென்னையில் வாடகை வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்ட வருபவர் முதலில் கேட்கும் கேள்வி தண்ணீரைப் பற்றியது அல்ல. "சார், சுவத்துல ஓட்டை போடலாமா?" என்பதுதான். போடக்கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லியிருப்பார். டைல்ஸில் விழுகிற ஒவ்வொரு ஓட்டையும் அட்வான்ஸில் கழியும். ஆகவே மெஷின் மேடை மீது உட்காரும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு வேலை. சிங்க் குழாயைக் கழற்றி, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன பித்தளை 'டி'யைத் திருகி, அதன் பக்கவாட்டு வால்விலிருந்து கால் இன்ச் ட்யூப் இழுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. காலி செய்யும்போது 'டி'யை எடுத்துவிட்டால் தடயமே இருக்காது.

அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருடம் இருக்கிறது. எந்தக் கம்பெனியின் 'டி'யும் எந்த வீட்டுக் குழாயிலும் ஏறுகிறதே, அது தானாக நடந்ததில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறைக்கும் அதனதன் மரை. ஒரு பட்டறையின் நட் இன்னொன்றின் போல்ட்டில் ஏறாது. ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து அளந்து, அவற்றின் சராசரியை எடுத்து, 1841-இல் ஒரு பொது அளவை முன்வைத்தார். மரையின் கோணம் 55 டிகிரி. புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், ஏற்கெனவே இருந்ததன் நடுப்புள்ளியைப் பிடித்ததுதான் அவருடைய சாமர்த்தியம். ரயில்வே அதை எடுத்துக்கொண்டது. பிறகு குழாய்களுக்கும் அதே வடிவம் வந்தது. 1905-இல் பிரிட்டிஷ் தர நிர்ணயமாகவே ஆனது. நம்ம ஊர் ஹார்டுவேர் கடையில் 'பி.எஸ்.பி.' என்று சொல்வது இதைத்தான்.

அரை இன்ச் குழாயில் எதுவும் அரை இன்ச் கிடையாது என்பது இதில் வேடிக்கை. அரை இன்ச் என்றால் 12.7 மி.மீ. ஆனால் மரையின் வெளிவிட்டம் கிட்டத்தட்ட 21 மி.மீ. அந்தக் காலத்து இரும்புக் குழாயின் உள்துளையை வைத்து இட்ட பெயர் இது. குழாயின் கனம் மாறியது, இரும்பு போய் பிளாஸ்டிக் வந்தது, 1956 சட்டத்துக்குப் பிறகு நாடே மெட்ரிக்குக்கு மாறியது. பெயரும் மரையும் மட்டும் அசையவில்லை. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புரியும்: பழைய ஒன்றோடு ஒட்டியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிட்டால் அபத்தமான பெயர்கூட சாகாது.

அமெரிக்கா 60 டிகிரி கோணத்துக்குப் போய்விட்டது. அவர்களுடைய அரை இன்ச்சிலும் ஓர் அங்குலத்துக்கு 14 மரைதான், நம்முடையதைப் போலவே. ஆன்லைனில் அங்கிருந்து வரவழைத்த அடாப்டர் முதல் சில சுற்று சமர்த்தாக ஏறும், அப்புறம் இறுகும், அப்புறம் கசியும். எவ்வளவு டேப் சுற்றினாலும் அது சரியாக உட்காராது. டேப் என்றதும் ஒன்று. இந்த வெள்ளை டெஃப்ளான் வருவதற்கு முன் பிளம்பர்கள் சணலும் வெள்ளை ஈயமும் வைத்துத்தான் இணைப்பை அடைத்தார்கள். வெள்ளை ஈயம் என்பது ஈயமேதான், குடிக்கிற தண்ணீர்க் குழாயில்.

இந்த மரை மதராஸுக்கு வந்தது பிரிட்டிஷ் பொறியாளர்களோடு. செங்குன்றம் ஏரித் தண்ணீர் 1872-இல் திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம் வந்தது. வடிகட்டாமலே ஊருக்குள் போனது. மேட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1914-இல்தான் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் இயங்கத் தொடங்கின. மணலின் மேல்பரப்பில் நுண்ணுயிர்கள் ஒரு வழவழப்பான படலமாகப் படரும். தண்ணீர் அதன் வழியே மெதுவாக இறங்கும்போது கிருமியை அந்தப் படலமே பிடித்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், மெம்பிரேன் வேண்டாம். எனக்கு இதில் பிடித்த விஷயம் வேறு: அந்த வடிகட்டிக்கு வீட்டுக்காரர் யார், குடித்தனக்காரர் யார் என்று தெரியாது. குழாயைத் திறந்தவருக்கெல்லாம் அதே தண்ணீர்.

ஊர் அந்தக் குழாய்களைத் தாண்டி வளர்ந்தது. புறநகரில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர். உப்பை மணல் பிடிக்காது. அதற்கு வேண்டிய மெல்லிய சவ்வை 1950களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோபும் சௌரிராஜனும் உருவாக்கினார்கள். கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கிய ஆராய்ச்சி அது. இன்று அது ஒவ்வொரு சமையலறையிலும் தனித்தனியாக ஓடுகிறது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே போகிறது. ஊர் செய்த வேலையைக் குடித்தனக்காரர் தன் செலவில் செய்கிறார், வீடு மாறும்போது ஃபிரிட்ஜோடு சேர்த்து வண்டியில் ஏற்றுகிறார்.

2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள். அந்தப் பணம் முழுசாகத் திரும்ப வேண்டுமென்றால் சுவரைத் தொடக்கூடாது. தொட அனுமதியுள்ள இடம் அந்த 55 டிகிரி மரை மட்டும்தான். காலி செய்கிற அன்று 'டி'யைக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, புது டேப்பை வலப்பக்கமாகச் சுற்றி, குழாயை மறுபடி ஏற்ற வேண்டும். கையால் இறுகும்வரை, அப்புறம் ஸ்பானரால் ஒரு சுற்று.