ஆயர் பத்து: சிம்பாங் ரெங்கத்தில் பனிக்கட்டியும் பானமும்

மலாய் மொழியில் பனிக்கட்டிக்கு வழங்கிய பழைய பெயர் 'ஆயர் பத்து'. ஆயர் என்பது நீர், பத்து என்பது கல். கல்லாகிப்போன நீர் என்று பொருள். தமிழில் மழையோடு விழும் கட்டிக்கு ஆலி, ஆலங்கட்டி என்ற பழஞ்சொற்கள் இருந்தும், கடையில் காசு கொடுத்து வாங்கிக் கிளாசில் போடும் பொருளுக்கு அவை ஒட்டவில்லை. எழுத்தில் பனிக்கட்டி என்றும் பேச்சில் ஐஸ் என்றுமே அது நிலைத்தது. முகத்துதி செய்வதற்கு 'ஐஸ் வைத்தல்' என்று தமிழர் பெயரிட்டிருப்பதைப் பார்த்தால், அந்தப் பொருள் வந்த வேகத்தில் மொழிக்குள்ளும் புகுந்துவிட்டது தெரிகிறது.

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், ஆயர் ஹீத்தாமுக்கும் கூலாய்க்கும் இடையே பழைய நெடுஞ்சாலையின் மேல் அமைந்த சிற்றூர் சிம்பாங் ரெங்கம். சிம்பாங் என்றால் சாலை பிரியும் இடம். 1909-இல் ஜொகூர் பாரு வரை முடிக்கப்பெற்ற இருப்புப்பாதையை ஒட்டியிருக்கும் ரெங்கத்துக்குப் போகும் கிளைச்சாலை இங்கேதான் பிரிகிறது. ஊர்ப்பெயரே ஒரு வழிகாட்டிப் பலகை. சுற்றிலும் ரப்பரும் செம்பனையும், கரிமண் நிலங்களில் அன்னாசியும் விளைகின்றன. தமிழர் இங்கு வந்ததும் தோட்ட வேலைக்காகவே. இன்று இவ்வூர் வீடுகளின் சமையல் மேடையிலும் ஐஸ் செய்யும் சிறு இயந்திரம் இடம் பிடிக்கத் தொடங்கிவிட்ட நிலையில், எந்தப் பானத்துக்கு எந்த ஐஸ் பொருந்தும் என்ற கேள்வி புதியதுபோலத் தோன்றுகிறது. ஆனால் இந்த வட்டாரத்துக் குளிர்பானங்களின் வரலாறு அக்கேள்வியைத் தலைகீழாகக் காட்டுகிறது: நெடுங்காலம் பானத்துக்காக ஐஸ் தேர்ந்தெடுக்கப்படவில்லை, கிடைத்த ஐஸுக்கு ஏற்பவே பானங்கள் உருவாயின.

தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழருக்குக் குளிர்ச்சி என்பது நாக்கில் படும் சில்லிப்பு அன்று, உடம்பில் தங்கும் தன்மை. நீர்மோரும் பானகமும் இளநீரும் வெதுவெதுப்பாக இருந்தாலும் குளிர்ச்சியானவையே. மாம்பழம் எவ்வளவு சில்லிட்டிருந்தாலும் சூடுதான். நீரைத் தணிக்க மண்பானை போதுமானதாக இருந்தது. அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது எஞ்சிய நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். தமிழ்நாட்டுக் கோடையின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும் இந்த உத்தி, ஆண்டு முழுவதும் ஈரம் ததும்பும் ஜொகூர்க் காற்றில் பாதியளவும் பலிக்காது. பானை வியர்க்கும், நீர் குளிராது. ஐஸின் மேல் மலாயாத் தமிழருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டுக்கு இந்தக் காற்றும் ஒரு காரணமாகலாம்.

ஐஸ் முதலில் கடல்வழி வந்த விளைபொருள். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் என்னும் வணிகர் 1806-இல் மார்த்தினிக் தீவுக்கு ஏரிப் பனிக்கட்டியை அனுப்பி நட்டப்பட்டு, தளராமல் தொழிலைக் கற்று, 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின்னும் ஏறக்குறைய 100 டன் உருகாமல் வந்து சேர்ந்தது. குதிரை பூட்டிய வெட்டுக்கலப்பையால் ஒரே அளவாக அறுக்கப்பட்ட கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கியதும், இடையே மரத்தூள் திணித்ததுமே இதன் இரகசியம். 1842-இல் சென்னைக் கடற்கரையில் அவருக்காக எழுந்த ஐஸ் கிடங்குதான் பின்னாளில் விவேகானந்தர் தங்கிய இல்லமாகிப் புகழ் பெற்றது. சுற்றுவட்டாரம் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றே அழைக்கப்படுகிறது. சிங்கப்பூரில் வாம்போவா என்று அறியப்பட்ட சீன வணிகர் ஹூ ஆ கே 1854-இல் ஐஸ் வீடு கட்டி அமெரிக்க ஐஸை இறக்கினார். வாங்குவோர் சிலரே, வணிகம் நட்டத்தில் முடிந்தது. கப்பல் ஐஸ் துரைமார் மேசைக்கு உரியதாக இருந்ததேயன்றி, தெருவில் நிற்பவனின் பானத்தை அது மாற்றவில்லை.

மாற்றியது ஆலை ஐஸ். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1850களில் ஈதரைக் கொண்டும், ஜெர்மனியின் கார்ல் ஃபான் லிண்டே 1870களில் அம்மோனியாவைக் கொண்டும் அமைத்த இயந்திரங்களின் அடிப்படை ஒன்றே: எளிதில் ஆவியாகும் திரவத்தை ஆவியாக விட்டு அது வெப்பத்தை உறிஞ்சுமாறு செய்வதும், அந்த ஆவியை மீண்டும் அழுத்தித் திரவமாக்குவதும். சென்னையில் 1874-இல் ஐஸ் ஆலை நிறுவனம் தோன்றியது. சிங்கப்பூரிலும் அந்நூற்றாண்டிலேயே ஆலைகள் வந்தன. 1930களில் சுங்கை ரோட்டில் எழுந்த ஐஸ் ஆலை எவ்வளவு பெயர்பெற்றது என்றால், அந்தப் பகுதியையே சீனர் தம் மொழியில் ஐஸ் ஆலையை வைத்து அழைக்கலாயினர்.

அம்மோனியா ஆலையின் உள்ளே நடப்பதை அறிந்தால்தான் கடைக்காரரின் கையில் வந்தது என்ன என்பது விளங்கும். தரைமட்டத்துக்குக் கீழே அமைந்த பெரிய தொட்டியில் உப்புநீர் நிறைந்திருக்கும். உப்பு கலந்திருப்பதால் அது நீரின் உறைநிலைக்குப் பல பாகை கீழே போனாலும் உறைவதில்லை. அதில் நீர் நிரப்பிய நீண்ட தகரக் குவளைகளை வரிசையாக இறக்கி வைப்பார்கள். குளிர் நான்கு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி வருவதால், நீரில் கரைந்திருந்த காற்றும் தாதுக்களும் நடுவை நோக்கித் தள்ளப்பட்டு, கட்டியின் மையத்தில் வெண்மையான ஒரு நரம்பாகச் சிக்கிக்கொள்ளும். உறையும்போது குழாய்வழியாகக் காற்றை ஊதி நீரை அசைத்துக்கொண்டிருந்தால் கட்டி கண்ணாடிபோலத் தெளியும். செலவைக் குறைக்க விரும்பிய ஆலைகள் அந்த வேலையில் கைவைத்தன. பெரிய கட்டி உறைந்து முடிய ஒரு பகலும் ஓர் இரவும்கூட ஆகும். அமெரிக்காவில் நிலைபெற்ற அளவு 300 பவுண்டு, அதாவது 136 கிலோ.

இப்படிப்பட்ட கட்டி கோணிச்சாக்கும் மரத்தூளும் போர்த்து லாரியில் வந்து காப்பிக்கடை வாசலில் இறங்கியதும், கடைக்காரர் அதைக் கையாள மூன்றே வழிகள் இருந்தன: வாளால் அறுப்பது, உடைப்பது, சீவுவது. மலாயாக் குளிர்பானங்களின் வகைமையே இந்த மூன்றிலிருந்து கிளைத்தது என்று சொல்வது மிகையாகாது. அறுத்த துண்டு வாளிக்கும் மீன்பெட்டிக்கும் போனது. உடைத்த சில்லுகள் கிளாசுக்குள் போயின. சீவிய தூள் கிண்ணத்துக்குப் போனது.

சீவியதிலிருந்து தொடங்கலாம். தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தாற்போல மரப்பெட்டியின் மேல் அலகு நீட்டிக்கொண்டிருக்க, ஐஸ் கட்டியை அதன் மேல் தள்ளித் தள்ளித் தேய்ப்பதே ஆதி முறை. கைப்பிடி சுழற்றும் இரும்பு இயந்திரம் பின்னால் வந்தது. விழும் தூளைக் கையால் உருட்டி, சிவப்புச் சர்க்கரைப்பாகு ஊற்றிச் சிறுவர்க்கு விற்றதே ஐஸ் பால், அதாவது ஐஸ் பந்து. விரலிடுக்கில் பாகு ஒழுகும் வேகத்தில் அதை உறிஞ்சி முடித்தாக வேண்டும். அதே தூளைக் கிண்ணத்தில் குவித்து, வேகவைத்த சிவப்புப் பயறும் கடற்பாசிப் பாகுக்கட்டியும் சேர்த்தால் ஐஸ் காச்சாங். பச்சைநிற மாவு இழைகளும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்தால் செண்டோல். இந்தச் செண்டோலைத் தள்ளுவண்டியில் விற்றவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். சீவிய ஐஸ் மிக விரைவில் உருகும் என்பது இங்கே குறையாகக் கருதப்படவில்லை. தேங்காய்ப்பாலின் கெட்டியையும் வெல்லத்தின் அழுத்தத்தையும் தளர்த்தும் நீர் அந்த உருகலிலிருந்தே வரவேண்டும் என்ற கணக்கில்தான் பாகு அத்தனை கெட்டியாகக் காய்ச்சப்பட்டது.

உருகும் வேகத்துக்குப் பின்னால் எளிய வடிவியல் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஐஸ் கனசதுரத்தின் வெளிப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் 64 துண்டுகளும் சேர்ந்து 2,400 சதுர சென்டிமீட்டர் ஆகின்றன. எடை மாறவில்லை, பானத்தைத் தொடும் பரப்பு நான்கு மடங்காகிவிட்டது.

உடைத்த சில்லின் மிகப் பெரிய படைப்பு தே ஐஸ். தே என்பது தேநீர். இங்கே பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேநீர். சூடான தேநீரைக் குளிரச் செய்வது சிறிய வேலையன்று. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பத்தை விழுங்கும். 80 பாகை சூட்டில் இருக்கும் 150 மில்லி தேநீரை 5 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 130 கிராம் ஐஸ் முற்றிலும் உருகியாக வேண்டும். குடிப்பவர் கையில் வருவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு வெறும் தண்ணீர் என்று ஆகிறது. சாதாரணத் தேநீரில் இதைச் செய்தால் கழுநீர்தான் மிஞ்சும். அதனால்தான் தூள் தேயிலையைத் துணிப்பையில் இறக்கிக் கறுக்கக் கறுக்க வடிப்பதும், புதுப்பாலுக்குப் பதில் டின் பால் எனப்படும் இனிப்பூட்டிய கெட்டிப்பாலை ஊற்றுவதும் வழக்கமாயின. மிகுந்த கடுமையும் இனிப்பும் கொண்ட ஒரு கலவை, ஐஸ் சேர்ந்த பிறகே பானமாக நிறைவு பெறுகிறது. டின் பால் வந்ததற்கு வெப்பநாட்டில் பால் கெடுவதும் காரணமே. ஆயினும் அது நிலைத்ததற்கு ஐஸுக்கும் பங்குண்டு. ரோஜாப் பாகும் பாலும் கலந்த சிராப் பண்டுங்கும், மைலோ ஐஸும் இதே கணக்கில் அமைந்தவை.

அன்னாசி இந்தக் குடும்பத்தில் சேராதது சிம்பாங் ரெங்கத்துக்கு உரிய தனிச் செய்தி. அன்னாசியில் உள்ள புரோமிலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும். எனவே பழம் குவிந்து கிடக்கும் ஊரிலும் அதன் சாறு பாலை அண்டாமல், சர்க்கரையும் சிட்டிகை உப்பும் ஐஸும் மட்டுமே கொண்டு குடிக்கப்படுகிறது.

கடைத்தெருவின் இந்தச் செழிப்பு லயங்களுக்குள் உடனே நுழையவில்லை. தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்தில் மின்சாரம் பல இடங்களில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் மாலை நேரத்தோடு முடிந்தது. அந்தச் சில மணி நேரத்தில் நீர் உறையாது. கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பட்டணத்திலிருந்து கட்டி ஐஸ் வாங்கிச் சைக்கிளிலோ லாரியிலோ கொண்டுவந்து, பெரிய அண்டாவில் சிவப்புச் சிராப்பைக் கரைத்து அதற்குள் இறக்குவார்கள். பெருங்கட்டி மெதுவாக உருகுவதால், காலையில் கலந்த சிராப் பந்தியின் கடைசி வரிசை வரை தாங்கியது. முழுநேர மின்சாரம் வந்து எவராவது ஒருவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வாங்கியதும், நெகிழிப் பையில் நீர் ஊற்றி உறைய வைத்து அண்டை வீட்டாருக்குச் சில்லறைக்கு விற்பது ஒரு சிறு கைத்தொழிலாயிற்று.

அடுத்த திருப்பம் குழாய் ஐஸ். 1930களில் அமெரிக்காவில் உருவான இந்த முறையில், நிமிர்ந்து நிற்கும் உலோகக் குழாய்களின் உட்சுவரில் நீர் வழிந்து ஓடிக்கொண்டே இருக்க, வெளிப்புறத்தில் குளிரூட்டி சூழ்ந்திருக்கும். ஐஸ் சுவரிலிருந்து நடுநோக்கி வளர்கிறது. நடுத்துளை அடைபடுவதற்கு முன்பே சூடான வாயுவைச் செலுத்தி அதை நழுவவிட்டு, சுழலும் கத்தி நறுக்குகிறது. ஓடும் நீர் அழுக்கையும் காற்றையும் கழுவிச் செல்வதால் துண்டு தெளிவாக இருக்கும். மூட்டை கட்டிய இந்த ஐஸ் பரவியபின், தரையில் இழுபட்ட கட்டியும் துருப்பிடித்த வாளும் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன, சுத்தம் கூடியது. ஆனால் துளையின் உட்புறமும் பானத்தைத் தொடுவதால் அது சற்று விரைந்தே குளிர்விக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் கிளாஸ் நிறைய ஐஸும் அதன் இடுக்குகளில் தேநீருமாகப் பரிமாறும் பழக்கம் இதோடு ஒத்துப்போயிற்று. செண்டோல் வண்டிக்காரர் மட்டும் கட்டி ஐஸை விடவில்லை. துளையுள்ள சிறு துண்டை அலகில் பிடித்துச் சீவ முடியாது.

வீட்டு இயந்திரங்கள் இந்த வரலாற்றைச் சிறிய அளவில் மீண்டும் நடத்துகின்றன. விலை குறைந்த மேசை இயந்திரத்தில், குளிர்ந்த உலோக விரல்கள் நீருக்குள் அமிழ்ந்து சுமார் பத்து நிமிடத்துக்குள் தோட்டா வடிவத் துண்டுகளைத் தருகின்றன. உள்ளே குழிந்தும் மங்கலாகவும் ஈரமாகவும் இருக்கும் அவை வேகமாக உருகுவதால், தே ஐஸுக்கும் சிராப்புக்கும் குறையில்லை, கடையில் வடிப்பதுபோலவே கடுமையாக வடித்தால். சீவிய ஐஸை இறுக்கி உருட்டும் மெல்லுகட்டி இயந்திரம் ஐஸ் காச்சாங்கின் தூரத்து உறவு. அது தரும் துண்டு பாகை உறிஞ்சிக்கொள்ளும், பல்லில் நொறுங்கும். குளிர்ந்த தகட்டின் மேல் நீரைப் பீய்ச்சி ஒரே திசையில் உறையச் செய்யும் இயந்திரம் தரும் தெளிந்த பெருந்துண்டு, ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் அன்னாசிச் சாற்றுக்கும் கறுப்புக் காப்பிக்கும் ஏற்றது. அங்கே வேண்டியது சில்லிப்பைக் காப்பது மட்டுமே. ஒரே இயந்திரம் எல்லாப் பானத்துக்கும் போதும் என்னும் விளம்பரத்தை இந்த ஊரின் எந்தச் செண்டோல்காரரும் நம்பமாட்டார்.

மலிவான மேசை இயந்திரத்தின் பெட்டி வெறும் காப்புறை மட்டுமே கொண்டது. அதில் உறைநிலைக் குளிர் கிடையாது. உருகும் துண்டுகளின் நீர் அடித்தொட்டிக்கே வடிந்து மறுபடியும் ஐஸாகிறது. ஆகவே தொட்டியில் ஊற்றும் நீர் எதுவோ அதுதான் நாள் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும். நீரின் தூய்மை எவ்வளவு முக்கியம் என்பதைச் சிம்பாங் ரெங்கத்தார்க்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை: 2019-இல் ஆற்றுநீரில் மாசு மிகுந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பலமுறை மூடப்பட்டு, குழாய்கள் வற்றி, குடும்பங்கள் வாளிகளோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தன. அன்று நீரில் கண்டறியப்பட்ட மாசு, ஐஸ் ஆலைகளின் குழாய்களுக்குள் நூறாண்டுக்கு மேலாக ஓடிவரும் அதே அம்மோனியா.