நாழியும் நாழிகையும்: திண்டுக்கல்லின் கூலிக் கணக்கு

'நாழி' நெல் அளக்கும் படி. 'நாழிகை' பொழுதின் அளவு, 24 நிமிடம். இரண்டரை நாழிகை சேர்ந்தால் ஒரு மணி நேரம். ஒலியால் அண்டை வீட்டாரான இவ்விரு சொற்களும் உழைப்பவர் வாழ்வில் சந்திக்க நெடுங்காலம் ஆயிற்று. பாசறையில் மன்னனுக்குப் பொழுதளந்து சொன்னவர்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. களத்தில் உழைத்தவனுக்கோ நெல் அளந்தார்களேயன்றி நேரம் அளக்கவில்லை. நேரத்தைச் சட்டமே பின்னாளில் அளந்து தந்தது. அவ்வரலாற்றை எங்கள் திண்டுக்கல்லை முன்னிறுத்தி நோக்கலாம்.

திண்டுக்கல்லின் பெயர் சொல்பவை சுருட்டும் பூட்டும் தோலும். சுருட்டிலும் பூட்டிலும் எண்ணிக்கைக்கே பெரிதும் கூலி. எத்தனை மணி குனிந்திருந்தார் என்பது கணக்கில் ஏறுவதில்லை. தோல் ஷாப்புகளில் கடன்பட்டு உழன்றோர், சங்கமாகத் திரண்ட கதையை டி. செல்வராஜின் 'தோல்' நாவல் விரித்துரைக்கிறது. 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல் அது.

சட்டம் நேரத்தைப் படிப்படியாகவே குறைத்தது. தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 1922-இல் 60 மணி, 1934-இல் 54, 1946-இல் 48. 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், புகையிலைத் தொழிலையும் தோல் பதனிடுதலையும் தன் முதற்பட்டியலிலேயே சேர்த்தது. 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டு, மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி தந்தது. எண்ணிக்கைக் கூலிக்காரரின் மணி நேர விலையை எப்படி அறிவது? தொழிற்சாலைகள் சட்டம் வழி வகுத்தது: முந்தைய மாதத்தில் அதே வேலையில் அவர் ஈட்டிய நாள் சராசரியே அவருடைய நேரக் கூலி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டங்கள் இவற்றின் இடத்தைப் பெற்றன. எட்டு மணி நாளும் இரட்டிப்பும் அவற்றிலும் உண்டு.

வகுத்தலிலும் நீதி இருக்கிறது. மாதச் சம்பளம் 15,600 ரூபாய் என்க. 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 520, மணிக்கு 65. வார ஓய்வு நீக்கி 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600, மணிக்கு 75. மிகைநேரம் இரட்டிப்பாகும்போது இவ்வேறுபாடு மணிக்கு 20 ரூபாய். பணிக்கொடை வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1980-இல் 26 என்ற வகுஎண்ணையே ஏற்றது.

இக்கணக்கு அறியாமையின் விலையை வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் காணலாம். 2000-களில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர்; முடிவில் திருமணத்துக்கென மொத்தத் தொகை. 30,000 ரூபாய் என்று கொள்வோம். 36 மாதம், மாதம் 26 நாள். ஆக 936 நாள். நாளுக்கு 32 ரூபாய். எட்டு மணிக்குப் பகிர்ந்தால் மணிக்கு நான்கு. தினக் கூலிக்கு மேல் பரிசுபோலத் தோன்றிய தொகை, உண்மையில் மணிதோறும் நான்கு ரூபாயாக நிறுத்தி வைக்கப்பட்ட கூலியே. உடல்நலம் குன்றி இடையில் விலகியவர்கள் பலர் அதையும் இழந்தனர்.

மொத்தமாகச் சொல்லப்படும் எத்தொகையையும் மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்க நம் மாணவர்க்குக் கற்பிப்போமாக. கால அளவுகளின் வாய்பாட்டோடு இதையும் சேர்த்தால், நாழிகை இனி உழைப்பவர் பக்கமும் நிற்கும்.